முப்பதாம் பீல்டின் விளைச்சல்

தேயிலைச் செடிக்கு மழை வேண்டும், பனி வேண்டும், கொஞ்சம் வெயிலும் வேண்டும் என்றுதான் புக்கிட் செம்பாக்கா தோட்டத்தில் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். ரிப்போர்ட்டும் வேண்டும் என்ற விஷயம், கோலாலம்பூர் தலைமையகத்திலிருந்து சசிதரன் வந்து சொல்லும்வரை யாருக்கும் தெரியாது. அதுவரை அந்தச் செடிகள் எந்தத் தைரியத்தில் துளிர்த்துக்கொண்டிருந்தன என்று நினைத்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

சசிதரன் அறிக்கை மேம்பாட்டுப் பிரிவின் தலைவர். வருகிற வழியில் கியா பார்மில் காரை நிறுத்தி ஸ்ட்ராபெரி வாங்கினார். வார இறுதி நெரிசலில் மாட்டிக்கொண்டார். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டுக்கு வர வேண்டியவர் மத்தியானம் வந்து சேர்ந்தார். வேலைக்குப் போகாமல் பெரட்டுக் களத்திலேயே நின்றுகொண்டிருந்த தொழிலாளர்களைப் பார்த்து அவர் ஆற்றிய உரையைத் தோட்டத்தில் இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

"இன்னையிலேர்ந்து நீங்க எல்லாரும் வேலை செய்யப் போறீங்க. இவ்வளவு நாளா செஞ்சீங்களான்னு எனக்குத் தெரியாது. தலைமையகத்துக்கும் தெரியாது. ஏன்னா ரிப்போர்ட்டுல வராத வேலை வேலையே இல்ல. இனிமே நீங்க வெயில்ல நிக்கறது வீண் போகாது. அது ஒரு கட்டத்துல வந்து உக்காரும். அந்தக் கட்டத்துக்கு நான் நிறம் குடுப்பேன்."

தோட்ட மேனேஜர் சிவசாமி முதல் ஆளாகக் கைதட்டினார். வெள்ளைக்காரன் போய் எத்தனையோ காலமானாலும் மேனேஜரைத் துரை என்று அழைப்பதைத் தோட்டம் விடவில்லை. சிவசாமி துரை ஓய்வு பெறும் நாளை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். தலைமையகம் எதைச் சொன்னாலும் நல்லது என்பார். புதிய கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்துத் தேங்காய் உடைத்தது அவர் ஏற்பாடுதான். தேங்காய்த் தண்ணீர் விசைப்பலகைக்குள் இறங்கிவிட்டதால் தொடக்க விழா அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது.

அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார வேண்டியவன் குகனேஸ்வரன். தோட்ட ஆபீசில் சின்னக் கிராணி, அதாவது எழுத்தர். முப்பது வயது, சாது, சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். இந்தக் கடைசிக் குணத்தால்தான் பின்னால் இவ்வளவும் நடந்தது.

அவனைப் பிரிஞ்சாங்கில் ஒரு ஓட்டலுக்கு அழைத்துப்போய் ரிப்போர்ட் தயாரிக்கும் மென்பொருளில் பயிற்சி கொடுத்தார்கள். முதல் நாள் முழுக்க, கம்பெனிச் சின்னம் தாளின் இடப்பக்கம் வர வேண்டுமா வலப்பக்கமா என்று பேசினார்கள். இரண்டாம் நாள் பச்சையில் எந்தப் பச்சை என்று பேசினார்கள். சாயங்காலம், கேள்வி உண்டா என்று சசிதரன் கேட்டார். குகன் எழுந்து, "சார், மழை நாள்ல கொழுந்து கொறஞ்சு போகுமே, அத எங்க எழுதறது?" என்றான்.

"அது உள்ளடக்கம், குகன். நாம இப்ப ரிப்போர்ட்டப் பத்திப் பேசிட்டிருக்கோம்," என்றார் சசிதரன்.

ரிப்போர்ட்டின் உயிர் ஒரே ஒரு கட்டத்தில் இருந்தது. ஒருவருடைய அன்றைய சம்பளத்தை அவருடைய கிலோவால் வகுத்தால் என்ன வருகிறதோ அது. குறைவாக வந்தால் பச்சை, கூடினால் மஞ்சள், ரொம்பக் கூடினால் சிவப்பு. கொழுந்து வெட்டுகிறவர்களுக்குச் சரி; வெட்டாதவர்களுக்கு? அதற்கும் சசிதரனிடம் விதி இருந்தது. யார் எதைப் பார்த்துக்கொள்கிறாரோ அதன் எடை அவருடைய கிலோ. ஆட்களை மேய்க்கும் மண்டோருக்கு அவருடைய ஆட்கள் வெட்டிய கிலோ. லோரி டிரைவருக்கு அவர் ஏற்றிப்போன கிலோ. ஸ்டோர் காவலாளிக்கு அவர் படுத்துத் தூங்கும் அறைக்குப் பக்கத்து அறையில் இருக்கும் கிலோ. எல்லாக் கிலோவையும் டைப் அடிக்கிறவன் என்ற முறையில் குகனுக்குத் தோட்டத்தின் மொத்த கிலோவும் வந்து சேர்ந்தது. மலையிலேயே கடுமையாக உழைக்கிறவன் அவன்தான் என்று ரிப்போர்ட் சொன்னது. அவன் மனைவி துளசி அதைக் கேட்டு, அடுப்பில் இருந்த பாலை மறந்து சிரித்தாள்.

தினமும் சாயங்காலம் 'வெளியிடு' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். ரிப்போர்ட் கோலாலம்பூருக்குப் போய், அங்கிருந்து ஏகப்பட்ட அதிகாரிகளின் மின்னஞ்சலுக்குப் பிரிந்து போகும். அவர்களில் யார் யார் அதைத் திறந்து பார்த்தார்கள் என்பதற்கும் ஒரு ரிப்போர்ட் உண்டு. அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. சம்பளப் பட்டுவாடாவும் இனி இந்த ரிப்போர்ட்டிலிருந்துதான் என்று உத்தரவாகியிருந்தது. ரிப்போர்ட்டில் தன் பெயருக்கு ஒரு வரி இல்லாதவருக்குத் தோட்டத்தில் வேலை இல்லை.

குகன் முதல் முறை பொத்தானை அழுத்தினான். எல்லாப் பக்கத்திலும் எல்லாக் கட்டத்திலும் 'பிழை' என்று வந்தது. சின்னம் மட்டும் இடப்பக்கம் அழகாக நின்றது. சசிதரனுக்குப் போன் போட்டான்.

"யாரோ ஒருத்தருக்கு கிலோ இல்ல. அந்த ஒரு வரி மொத்த ரிப்போர்ட்டையும் கவுத்துடும். யாருன்னு பாருங்க."

பார்த்தான். வடிவம்மாள், ஆயா கொட்டகை, கிலோ பூஜ்யம்.

"சார், அவங்க ஆயா. பால்குடிப் புள்ளைங்களப் பாத்துக்கறவங்க. அம்மாமாருங்க வேலைக்குப் போனா..."

"குகன், பூஜ்யத்தால வகுக்க முடியாது. இது என் சட்டம் இல்ல, கணக்கோட சட்டம். அதுல நான் தலையிட மாட்டேன். வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தம்மாவுக்குக் கிலோ வரணும், இல்ல அந்த வரியை எடுத்துடுங்க."

"எடுத்தா கொட்டகை மூடிருமே சார்?"

"ரிப்போர்ட் ஓடும்," என்றார் சசிதரன், ஆறுதலாக.

குகன் போனை வைத்தான். அவன் மகள் ரூபினி அந்தக் கொட்டகையில்தான் இருந்தாள். இரண்டு வயது. துளசிக்குப் பெக்டரியில் தேயிலைப் பாக்கெட் போடும் பிரிவில் வேலை. கொட்டகையை மூடினால் துளசி வேலையை விட வேண்டும். அவளைப் போலவே இன்னும் பல பேர். தோட்டத்துப் பெண்களுக்கு வேறு வழி எதுவும் கிடையாது.

கொட்டகைக்கு நடந்து போனான். அன்றைக்கு அரசாங்கக் கிளினிக்கிலிருந்து மிஸி வந்திருந்தார். தோட்டத்தில் நர்ஸை அப்படித்தான் சொல்வார்கள். கொழுந்து நிறுக்கும் தராசை உத்தரத்தில் மாட்டி, அதன் கொக்கியில் சேலைத் தூளி கட்டி, பிள்ளைகளை ஒவ்வொன்றாக உட்காரவைத்து நிறுத்துக்கொண்டிருந்தார். வடிவம்மாள் ஒவ்வொரு எடையையும் உரக்கச் சொன்னாள். ஐம்பது தாண்டிய பெண்மணி. குரல் மட்டும் பக்கத்து மலைக்குக் கேட்கும். ரூபினி தூளியில் உட்கார்ந்து அப்பாவைப் பார்த்துக் கையாட்டினாள்.

இங்கே குகனைத் தப்பாக நினைக்கக் கூடாது. அவன் ஏமாற்றவில்லை. யார் எதைப் பார்த்துக்கொள்கிறாரோ அதன் எடை அவருடைய கிலோ என்ற விதி அவனுக்கு ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். அங்கிருந்தே போன் போட்டு அனுமதியும் கேட்டான்.

"சார், வடிவம்மா பாத்துக்கறதுக்கு எட இருக்கு. அதப் போடலாமா?"

"போடுங்க. எந்த பீல்டு?"

"கொட்டாய்க்கு நம்பர் இல்ல சார்."

"நம்பர் இல்லாம ஒரு எடம் எப்படி இருக்க முடியும்? குடுத்துடுங்க. ஏக்கரும் போடுங்க, காலியா விடாதீங்க."

தோட்டம் இருபத்தொன்பது பீல்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கொட்டகை முப்பதாம் பீல்டு ஆயிற்று. முன்வாசல், துணி காயும் இடம் எல்லாம் சேர்த்துக் கால் ஏக்கர் என்று குகன் தாராளமாகவே போட்டான். பொத்தானை அழுத்தினான். ரிப்போர்ட் பச்சைப் பசேலென்று கோலாலம்பூருக்குப் போனது.

பிறகு அடைமழைக் காலம் வந்தது. எல்லா பீல்டிலும் கொழுந்து குறைந்தது. பெர்த்தாம் பக்கத்துக் காய்கறித் தோட்டக்காரர்கள்கூட வானத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். முப்பதாம் பீல்டு மட்டும் மழையை மதிக்கவில்லை. போன மாதத்தைவிட இந்த மாதம் கொஞ்சம் கூடவே காட்டியது. யாராவது ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு விளைச்சல் இறங்கும், மறுநாள் ஏறிவிடும். கால் ஏக்கருக்கு அந்த கிலோ என்பது உலகத்தில் எந்தத் தேயிலைத் தோட்டமும் கேள்விப்படாத கணக்கு.

தலைமையகம் மெய்சிலிர்த்தது. சசிதரன் பாராட்டுக் கடிதம் அனுப்பினார். கூடவே ஒரு சந்தேகமும் கேட்டார்: மழை நாளில் கொழுந்து நனைந்திருக்கும், அந்த ஈரத்துக்கு எடையில் கழிவு போட வேண்டுமே, முப்பதாம் பீல்டுக்கு ஏன் போடவில்லை? குகன் போய் வடிவம்மாளிடம் கேட்டான்.

"ஈரமா? காலையில ஒரு தரம் வந்து தொட்டுப் பாரு தம்பி. நான் மாத்துன துணியெல்லாம் கொடியில தொங்குது, அதையும் நிறுத்துக்க," என்றாள் அவள்.

ஈரக் கழிவு சேர்க்கப்பட்டது. ரிப்போர்ட் மேலும் நம்பகமானது.

நன்றாக விளையும் பீல்டுக்கு மென்பொருள் தானாகவே உரம் ஒதுக்கும். மூட்டை மூட்டையாக வந்து கொட்டகை வாசலில் இறங்கியது. வடிவம்மாள் அதை அடுக்கி, சாரல் உள்ளே வராமல் தடுப்புக் கட்டினாள். அடுத்து பூச்சிமருந்து அடிக்க ஆள் வந்தார்கள். அவள் விளக்குமாற்றோடு வாசலில் நின்றதைப் பார்த்துவிட்டு, பேசாமல் திரும்பிப் போனார்கள். மருந்து அடித்தாயிற்று என்று பதிவானது. இதையெல்லாம் சசிதரன் வண்ணப் படங்களாக்கி இயக்குநர்கள் முன்னால் போட்டுக் காட்டினார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தோட்டத்தில் நிறுத்த எடையும் பெக்டரியில் நிறுத்த எடையும் ஒத்துப்போக வேண்டும் என்பது புதிய ரிப்போர்ட். எல்லா பீல்டும் ஒத்துப்போயின; முப்பதாம் பீல்டின் கொழுந்து மட்டும் பெக்டரிக்கு வந்து சேரவே இல்லை. வழியில் யாரோ கொழுந்தைச் சுருட்டுகிறார்கள் என்று தலைமையகம் முடிவு செய்து லோரி அனுப்பியது.

குகன் துரையிடம் ஓடினான். "சார், அது புள்ளைங்கன்னு சொல்லிரலாம் சார்."

சிவசாமி துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்பச் சொன்னா இத்தன மாசமா ஏன் சொல்லலன்னு கேப்பாங்க. அதுக்கு நீ பதில் சொல்லுவியா, நான் சொல்லணுமா? கொட்டாய் நடக்குதா இல்லையா? லோரி வந்தா ஏத்தி விடு லா. புள்ளைங்களுக்குக் காத்தாட ஒரு சவாரி."

அப்படியாகப் பிள்ளைகள் தினமும் மத்தியானம் லோரியில் பெக்டரிக்குப் போய், மேடைத் தராசில் ஏறி நின்றார்கள். தனியாக விட்டால் ஓடிவிடுவார்கள் என்பதால் வடிவம்மாளும் கூடவே ஏறி, பிறகு அவள் எடையைக் கூடையின் எடை என்று கழித்தார்கள். வடிவம்மாளுக்கு இதில் வருத்தம் இருந்தது. "கூடையே இம்மாம் கனமான்னு அந்தத் தராசுக்காரப் பையன் கேக்கறான் தம்பி," என்றாள். ஒருநாள் டிரைவர் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்துவிட்டார். லோரியில் ஏறின எடையைவிட இறங்கின எடை கூடிப்போயிற்று. பயணத்தில் கனக்கும் கொழுந்தைப் பற்றித் தலைமையகம் ஒரு விசாரணைக் குழு வைத்தது. வாழைப்பழம் தடை செய்யப்பட்டது. பெக்டரிக்குள் போன கொழுந்து தூளாக வெளியே வரவில்லையே என்ற கேள்விக்கு, கையிருப்பில் இருக்கிறது என்று பெக்டரிக் கிராணி எழுதினார். கையிருப்பைச் சாயங்காலம் தாய்மார்கள் இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். துளசிக்கு மட்டும் இது சௌகரியமாக இருந்தது. பாக்கெட் பிரிவிலிருந்து நாலு எட்டு வைத்தால் பிள்ளை.

பள்ளி திறந்தது. கொட்டகையில் பெரியவர்களாக இருந்த பிள்ளைகள் எல்லாம் புத்தகப்பை மாட்டிக்கொண்டு தடிக்கா என்ற பாலர் பள்ளிக்குப் போய்விட்டார்கள். கனமான பிள்ளைகள் அவர்கள்தான். முப்பதாம் பீல்டு ஒரே நாளில் சிவப்பானது. ஒரு வாரம் சிவப்பாகவே இருந்தது. கோலாலம்பூரில் மூன்று கூட்டம் நடந்ததாகக் கேள்வி. கடைசியில் கடிதம் வந்தது: பீல்டு வீழ்ச்சி அடைந்துவிட்டது, செடிகளை வேரோடு பிடுங்கி நிலத்தைக் காலி செய்யவும், பராமரிப்பாளரைக் கொழுந்து வெட்டும் கூட்டத்துக்கு மாற்றவும். மேற்பார்வைக்குச் சசிதரனே வருகிறார்.

குகன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. பயம் என்றால் வெறும் பயம் இல்லை. தன் கையால் செய்த காரியம், தன் வீட்டிலேயே வந்து இடிக்கப்போகிறதே என்ற வெட்கமும் சேர்ந்து அவனை வாட்டியது.

சசிதரன் வந்தார். சேறு படாத புது பூட்ஸ் போட்டிருந்தார். துரையும் குகனும் அவரைக் கொட்டகைக்கு அழைத்துப்போனார்கள்.

"முப்பதாம் பீல்டு எங்க?"

"இதான் சார்," என்றான் குகன்.

"செடி?"

குகன் உள்ளே கையைக் காட்டினான். பாயில் சில செடிகள் தூங்கின. ஒரு செடி சசிதரனின் பூட்ஸ் கயிற்றைப் பிடித்து இழுத்தது.

"இது புள்ளைங்க."

"ஆமா சார். மொதல்லேர்ந்தே புள்ளைங்கதான் சார். நீங்கதான் கிலோ இருந்தாப் போடச் சொன்னீங்க."

சசிதரன் உர மூட்டைமேல் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. ஆனால் அவர் பேச ஆரம்பித்ததும் தெளிவு வந்துவிட்டது. பேச்சு அவருக்கு எப்போதும் கைகொடுக்கும்.

"நான் இதை போர்டுல காட்டியிருக்கேன். பாலியில மாநாட்டுல காட்டியிருக்கேன். எழுந்து நின்னு கைதட்டினாங்க. ரெண்டு நாட்டுக்காரங்க இந்த முறையைக் கேட்டு எழுதியிருக்காங்க. தப்பு எங்கன்னு நான் யோசிச்சுப் பாத்துட்டேன், குகன். என்கிட்ட இல்ல. எழுத்து சரி. நிறம் சரி. நாலு பக்கமும் ஓரம் சரி. உள்ள என்ன இருக்குன்னு பாக்கறதுக்கு ஒரு பிரிவு வேணும்னு நானே பரிந்துரை பண்ணியிருக்கேன். அது இன்னும் தொடங்கல."

"அப்ப கொட்டாய விட்டுருவீங்களா சார்?"

"எப்படி விடறது? கொழுந்துன்னா சிவப்பு, பிடுங்கணும். புள்ளைங்கன்னா கிலோ கிடையாது, மறுபடியும் பிழை. புள்ளைங்களுக்கு ரிப்போர்ட்டுல எடமே இல்லையே!"

"சார், மூடிராதீங்க சார். என் சம்சாரம் வேலைய விட்டுரணும். எத்தனையோ குடும்பம் சார்." என்று குகன் கெஞ்சினான். அதுவரை விளக்குமாற்றைக் கையிலேயே வைத்திருந்த வடிவம்மாள் முன்னால் வந்தாள்.

"ஏம்ப்பா, இதுங்க கொழுந்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. வளர்ற புள்ளைங்க. வளந்தா எந்திரிச்சுப் போகத்தான் செய்யும். இதுல என்ன நட்டத்தக் கண்ட?"

"வளர்ற..." என்று முணுமுணுத்தார் சிவசாமி துரை. பழைய தோட்டக்காரர்; வாய் தானாகச் சொல்லிவிட்டது. "கன்னுச் செடின்னா கொழுந்து கேக்க மாட்டாங்க. மூணு வருசத்துக்கு."

சசிதரன் மூட்டையிலிருந்து எழுந்தார். கண்ணில் பழைய ஒளி வந்துவிட்டது.

"இளங்கன்று! அதான்! கொழுந்து வேணாம், கிலோ வேணாம், வகுத்தலே வேணாம். அது செலவு கூட இல்ல, முதலீடு. செடி செத்தாலும் பரவால்ல, காணாமப் போனாலும் பரவால்ல, பரப்பளவு இருந்தாப் போதும். பரப்பளவு இருக்கற வரைக்கும் பராமரிப்பாளர் இருப்பாங்க. நாம எதையும் மறைக்கல, பாருங்க. வீழ்ச்சி இல்ல, மறுநடவு. இதை நான் அடுத்த மாநாட்டுலயே சொல்லலாம்."

துரை கைதட்டினார். கொட்டகை தப்பியது. குகனுக்குச் சசிதரனின் காலில் விழலாம் போலிருந்தது. சேறு படாத பூட்ஸாக இருந்ததால் விழுவதும் எளிது. வடிவம்மாள் எல்லாருக்கும் பால் விடாத வரக்கோப்பி கொடுத்தாள்.

இளங்கன்று ரிப்போர்ட்டின் வடிவம் மறுவாரம் வந்தது. ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு வரி. நட்ட நாள் என்ற கட்டத்தில் குகன் பிறந்த தேதியைப் போட்டான். நட்டவர் என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கி, தகப்பன் பெயரைப் போட்டான். மீதிக் கட்டங்களை மென்பொருள் தானே நிரப்பிக்கொண்டது. எல்லா வரியும் முடிந்ததும் மகளின் வரியை ஆசையாகப் படித்துப் பார்த்தான்.

ரூபினி. முதல் கொழுந்து: மூன்று ஆண்டில். பலன் தரும் காலம்: ஐம்பது ஆண்டு. ஒப்படைக்கும் இடம்: இதே தோட்டம்.

கடைசிக் கட்டத்தில் அம்புக்குறியை வைத்து அழுத்தினான். அசையவில்லை. மறுபடி அழுத்தினான். போனை எடுத்தான்.

"சார், ஒப்படைக்கற எடத்த மாத்தணும் சார். என் மவ வரியில."

"என்ன போடணும்?"

"தெரியல சார். அது ரெண்டு வயசுப் புள்ள. பெருசானா எங்க வேணா போகலாம் இல்ல?"

சசிதரன் பொறுமையாகச் சொன்னார். "'எங்க வேணா'ன்னு ஒரு எடம் பட்டியல்ல இல்ல, குகன். புதுசா ஒரு எடத்தைச் சேர்க்கணும்னா அதுக்குத் தேவை இருக்கணும். இத்தனை வருசத்துல உங்க தோட்டத்துலேர்ந்து யாரும் கேட்டதில்ல."

குகன் அன்றைக்குப் பொத்தானை அழுத்தாமல் வீட்டுக்குப் போனான். துளசி வாசலில் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கொட்டகை தப்பியதிலிருந்து அவள் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அதைக் கெடுக்க அவனுக்கு மனம் வரவில்லை, இருந்தாலும் சொன்னான். முதல் கொழுந்து என்றபோது அவள் சிரித்தாள். ஐம்பது ஆண்டு என்றபோது ஊட்டுவதை நிறுத்தினாள்.

"இதே தோட்டம்னா போட்டிருக்கு?"

"அது சும்மா கட்டம் துளசி. யாரும் படிக்கப்போறதில்ல."

"யாரும் படிக்கலன்னா நீங்க ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து நிக்கறீங்க?" அவள் கண் கலங்கிவிட்டது, கோபத்தில்தான். "நாள் பூரா நான் அங்க நிக்கறது எதுக்கு? இவ நிக்கக் கூடாதுன்னுதானே. என் புள்ளைய எந்தத் தோட்டத்துக்கும் எழுதிக் குடுக்க அந்தச் சசிதரன் யாரு? எடுங்க இவ பேர."

"பேர எடுக்க முடியாது. கன்னு இல்லாமப் போச்சுன்னா மட்டும் எடுக்கலாம். அதுக்கும் காரணம் கேக்கும். நாலு காரணம் இருக்கு. நோய், மண்சரிவு, மாடு மேஞ்சது, திருட்டு."

துளசி முதல் மூன்றையும் கேட்டு, பிள்ளையின் தலையில் கை வைத்துக்கொண்டாள். நாலாவதைக் கேட்டதும் கை கீழே இறங்கியது.

"திருட்டுன்னு போடுங்க."

"திருடினவங்க பேரு கேக்கும். காலியா விட்டா வாங்காது."

"என் பேரப் போடுங்க. பெத்தவ நான்தானே. நான் திருடிட்டேன்."

குகன் மறுநாள் காலை அப்படியே போட்டான். ரூபினி. இல்லை. காரணம்: திருட்டு. திருடியவர்: துளசி. ரூபினி அந்த நேரம் வழக்கம்போலக் கொட்டகையில் இட்டிலிக்கு அடம்பிடித்துக்கொண்டிருந்தாள். பரப்பளவு அப்படியே இருந்தது, பராமரிப்பாளரும் இருந்தாள். மென்பொருள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

துளசிக்கு எதையும் ரகசியமாக வைத்துக்கொள்ளத் தெரியாது. அதற்கடுத்த நாள் பெரட்டு முடிந்து ஆட்கள் மலையேற வேண்டிய நேரத்தில், ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே பெண்கள் வரிசையாக வந்து நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை. ஒவ்வொருத்தியும் முன்னால் வந்து பிள்ளையின் பெயரைச் சொன்னாள். பிறகு தன் பெயரைச் சொன்னாள். குகன் தலையைத் தூக்காமல் டைப் அடித்துக்கொண்டே இருந்தான். நிமிர்ந்து பார்த்தால் அழுகை வந்துவிடும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

வரிசையின் கடைசியில், கொழுந்து வெட்டும் சாந்தினி நின்றாள். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"எனக்கு ரெட்டைப் புள்ள தம்பி," என்றாள். "ஒண்ண மட்டும் எழுதிட்டு விட்டுராத. ரெண்டையுமே நான்தான் திருடினேன்."